முந்நூறு பேருக்குக் காபி எதில்?

வைகாசியில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். மண்டபம் கும்பகோணத்தில், ஆள் கணக்கு முந்நூறு. சமையல் மாஸ்டர் எழுதிக்கொடுத்த சீட்டில் மளிகையும் காய்கறியும் நாலு பக்கம். ஐந்தாம் பக்கத்துக்கு "இதர சாமான்" என்று தலைப்பு போட்டிருந்தார். பேப்பர் கப் 1,200. கால் லிட்டர் தண்ணீர் பாட்டில் 600. தாம்பூலப் பை 350. பார்சலுக்குச் சில்வர் கவர் இரண்டு கட்டு. ஐஸ்கிரீம் கப், ஸ்பூன். அந்தப் பக்கத்தை மட்டும் சித்தப்பா கிழித்து என் கையில் கொடுத்தார். "நீதான் பிளாஸ்டிக் கூடாதுன்னு பேசுவியே, இதை நீயே பாத்துக்கோம்மா."

பேசுவது சுலபம். கையில் சீட்டோடு உட்கார்ந்தபோதுதான் ஒவ்வொரு வரிக்கும் மாற்று எது, அந்த மாற்று உண்மையிலேயே மேலானதா என்ற சந்தேகம் வந்தது. இரண்டு வாரம் படித்தும் விசாரித்தும் பார்த்ததை எழுதிவைக்கிறேன். வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

ஒவ்வொரு சாமானையும் இரண்டு கேள்வி கேட்டேன். நம் வாய்க்குப் போகும் பண்டம் அதைத் தொடும்போது சூடாகவோ எண்ணெயாகவோ இருக்கிறதா? பிளாஸ்டிக்கிலிருந்து துகளும் ரசாயனமும் கழன்று வர இந்த இரண்டும்தான் பெரிய தூண்டுதல். அடுத்தது, விசேஷம் முடிந்த மறுநாள் காலை அது எங்கே கிடக்கும்? கடைக்காரர் சொல்லும் "மக்கும்", "ஈகோ", "நேச்சுரல்" எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டேன்.

முதலில் காபி. நான் அதிக நேரம் செலவழித்தது இதில்தான்.

காகிதக் கப் என்று பெயர் இருந்தாலும், வெறும் காகிதத்தில் காபி ஊற்றினால் இரண்டு நிமிஷத்தில் ஊறிப்போகும். ஊறாமல் இருக்க உள்ளே பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கை மெல்லிய பூச்சாகக் கொடுத்திருப்பார்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு கப்பை ராத்திரி முழுக்க வெந்நீரில் போட்டுவைத்துக் காலையில் கிழித்துப் பாருங்கள். காகிதம் கூழாகிவிடும், உள்ளிருந்து கண்ணாடி மாதிரி ஒரு தோல் உரிந்து வரும். நான் செய்து பார்த்தேன். சித்தப்பாவுக்கும் காட்டினேன்.

ஐ.ஐ.டி. கரக்பூர் ஆய்வாளர்கள் 2020-ல் இதை அளந்தார்கள். இப்படிப்பட்ட கப்பில் 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி நீரை ஊற்றிப் பதினைந்து நிமிஷம் வைத்திருந்தால் ஏறக்குறைய 25,000 நுண்துகள்கள் அதில் இறங்கிவிடுகின்றன. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்யாண வீட்டில் யாரும் பதினைந்து நிமிஷம் காபியைக் கையில் வைத்துக்கொண்டிருப்பதில்லை, ஐந்து நிமிஷத்தில் உள்ளே போய்விடும். ஆகவே ஒரு விசேஷத்தில் குடிக்கும் இரண்டு கப்புக்காக யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. ஆனால் பரிமாறுகிற பையன்களும் அலுவலகத்துக்குப் போகிறவர்களும் தினம் மூன்று வேளை இதே கப்பில்தான் குடிக்கிறார்கள்.

உள்ளே போன துகள் என்ன செய்கிறது? இதுவரை வந்தவற்றில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது 2024 மார்ச்சில் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வு. கழுத்து ரத்தக் குழாயில் படிந்த கொழுப்பை அறுவை செய்து எடுத்த நோயாளிகளில் 257 பேரை ஏறக்குறைய மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். 150 பேருடைய கொழுப்புப் படிவில் பாலிஎத்திலீன் இருந்தது. அது இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் வாய்ப்பு நாலரை மடங்கு அதிகமாக இருந்தது. பிளாஸ்டிக்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பது வரைதான் சொல்கிறது. அப்பாவுக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. எனக்கு அந்த அளவே போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலைக் கேள்வியிலும் காகிதக் கப் தோற்கிறது. காகிதமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கிடப்பதால் பழைய பேப்பர்காரர் தொடமாட்டார், பிளாஸ்டிக் எடுப்பவரும் தொடமாட்டார். அடியில் கொஞ்சம் காபி வேறு மிச்சம் இருக்கும். மண்டபத்துப் பின்பக்கம் குவித்து நெருப்பு வைப்பதுதான் வழக்கம். இந்தியாவின் பிளாஸ்டிக் பிரச்சினையை நாம் கடல், ஆமை என்றே நினைக்கிறோம். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகம் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் ஆண்டுக்குச் சூழலில் சிதறும் 93 லட்சம் டன் பிளாஸ்டிக்கில் 58 லட்சம் டன் திறந்தவெளியில் எரிக்கப்படுகிறது. ஆற்றில் மிதப்பதைவிட மூக்கில் ஏறுவதுதான் அதிகம்.

இன்னொன்று, இது தடைசெய்யப்பட்ட சாமான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையிலிருக்கும் பதினான்கு பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் உண்டு. உற்பத்தியாளர்கள் வழக்காடிப் பார்த்தார்கள். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கப் தடை சரிதான் என்றது. கடைத்தெருவில் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறதே என்றால், கிடைக்கிறது, அவ்வளவுதான்.

மாற்றுகளைப் பார்த்தேன். மண் குவளை அழகு. ஆனால் ஒருமுறை குடித்து உடைக்க 1,200 குவளையைச் சூளையில் சுடுவது எனக்கு ஒப்பவில்லை. பாக்குமட்டைக் கப்பில் காபியின் மணமே மாறிப்போகிறது. மிஞ்சியது வாடகைப் பாத்திரக் கடையின் எவர்சில்வர் டம்ளர்.

இங்கேதான் சித்தப்பா மடக்கினார். "ஏம்மா, ஆயிரத்து இருநூறு டம்ளரை யாரு கழுவுறது? ஆள் எங்க கிடைக்குது?"

நியாயமான கேள்வி. ஆனால் 1,200 டம்ளர் தேவையில்லை. முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் குடிப்பதில்லை. பந்திக்கு நூறு இலை என்றால் சுற்றிச் சுற்றி வர 400 டம்ளர் தாராளம். ஒரு டம்ளரைக் கழுவி அலச அரை லிட்டர் என்றால் நாள் முழுதும் 600 லிட்டர் தண்ணீர். மண்டபத்துத் தொட்டியில் அது பெரிய அளவில்லை, கழுவிய தண்ணீரைப் பின்னாலிருக்கும் தென்னைக்கு விடலாம். கழுவ இரண்டு பேர், ஒரு நாள் கூலி. வாடகையும் கூலியும் சேர்த்தால் காகிதக் கப்பைவிடச் செலவு கூடத்தான் வருகிறது, மறைக்க வேண்டியதில்லை. கொரோனாவுக்குப் பிறகு பொது டம்ளர் என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அதற்காகக் கடைசி அலசலைக் கொதிநீரில் முக்கி எடுப்பது என்றும், அதை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் செய்வது என்றும் தீர்மானித்தோம். டம்ளரோடு டபராவும் சேர்த்து வாடகைக்கு எடுக்கலாம் என்று சொன்னதும் சித்தப்பாவின் முகம் கொஞ்சம் இளகியது. டபராவில் ஆற்றிக் குடித்த காபியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். அந்த வரி முடிந்தது.

இலையில் விவாதமே இல்லை என்று நினைத்தேன். கும்பகோணத்தில் வாழையிலை இல்லாமல் அறுபதாம் கல்யாணமா? ஆனால் காலை டிபனுக்குப் பாக்குமட்டைத் தட்டு போடலாம், "சுத்த இயற்கை" என்று என் தங்கையே சொன்னாள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். 2025 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பாக்குமட்டைத் தட்டுகளை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்திருக்கிறது. பாக்கில் இருக்கும் அரிகோலின் போன்ற கேடான ரசாயனங்கள் மட்டையிலிருந்தும் உணவில் இறங்கலாம் என்பது அவர்கள் வாதம். ஒரு வேளை இட்லிக்கு இது பெரிய அபாயம் என்று எனக்குத் தோன்றவில்லை, குப்பையாகப் பார்த்தால் அது மக்கிவிடும் நல்ல தட்டுதான். ஆனாலும் வாழையிலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது சந்தேகத்தை விலைக்கு வாங்குவானேன்? கரும்புச் சக்கைத் தட்டிலும் இப்படி ஒரு முடிச்சு உண்டு. எண்ணெய் ஊறாமல் இருக்க ஃப்ளோரின் சேர்ந்த ரசாயனங்களைக் கலக்கும் வழக்கம் வெளிநாடுகளில் இருந்தது, டென்மார்க் 2020-ல் காகித உணவுப் பொதிகளில் அதைத் தடைசெய்தது. நம் கடையில் விற்கும் தட்டில் கலந்திருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார். டிபனுக்கு ஏடு, சாப்பாட்டுக்கு நுனி இலை. பச்சை அச்சடித்த பேப்பர் இலையைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது காகிதக் கப்பின் தம்பி.

தண்ணீர்தான் குழப்பமான வரி. கால் லிட்டர் பாட்டில் இப்போது மரியாதைச் சின்னம் ஆகிவிட்டது. இலைக்குப் பக்கத்தில் பாட்டில் வைக்காவிட்டால் "கஞ்சத்தனம்" என்பார்கள். பாதி குடித்துப் பாதி வைத்துவிட்டுப் போன பாட்டில்களைப் பந்தி முடிந்ததும் பார்த்திருப்பீர்கள். 600 பாட்டில், ஒன்று பத்து கிராம் என்றே வைத்தாலும் ஆறு கிலோ பிளாஸ்டிக். ஆனால் மறுநாள் காலைக் கேள்வியில் பாட்டில் காகிதக் கப்பைவிட எவ்வளவோ மேல். பெட் பாட்டிலுக்குப் பழைய சாமான் கடையில் விலை உண்டு. விடிவதற்குள் யாராவது பொறுக்கிக்கொண்டு போய்விடுவார். குடிப்பவருக்கு என்ன என்பதுதான் பிரச்சினை. கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கடைகளில் வாங்கிய பாட்டில் தண்ணீரில் லிட்டருக்குச் சராசரி 2,40,000 பிளாஸ்டிக் துகள் இருந்தன. அதில் பத்துக்கு ஒன்பது பங்கு நானோ அளவு, அதாவது முன்பு யாரும் எண்ணவே முடியாத சிறுமை. இதில் ஒரு வேடிக்கை. கண்ட துகள்களில் பாலிஅமைடு என்ற நைலான் வகைப் பிளாஸ்டிக் நிறைய இருந்தது, அது சுத்திகரிக்கும் வடிகட்டியிலிருந்தே வந்திருக்கலாம் என்கிறார்கள்.

அப்படியானால் 20 லிட்டர் கேன்? ஆளுக்கு இரண்டு வேளைக்கும் சேர்த்து ஒரு லிட்டர் என்றால் 300 லிட்டர், பதினைந்து கேன். குப்பை ஏறக்குறைய பூஜ்யம், கேன் திரும்பிப் போய்விடும். ஆனால் வெயிலில் மினி லாரி முதுகில் அடுக்கி, உரசித் தேய்ந்து, மூடிப் பக்கம் வெளுத்துப்போன கேன்களை நான் பார்த்திருக்கிறேன். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 கடைசியில் அடைத்து விற்கும் குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்து, வருடாந்திரச் சோதனையைக் கட்டாயமாக்கியது சும்மா இல்லை.

மூன்றாவது வழியைச் சொன்னது பெரியம்மா. "அண்டால வெந்நீர் போட்டு சீரகம் தட்டிப் போடுங்களேன், அந்தக் காலத்துல என்ன பாட்டிலா இருந்துச்சு?" இதைப் பழம்பெருமைப் பேச்சு என்று தள்ளத்தான் இருந்தேன். பிறகு சீனாவில் குவாங்சோ நகர ஆய்வாளர்கள் 2024-ல் செய்த ஒரு சோதனை கண்ணில் பட்டது. உப்புப்பிடிப்பான கடின நீரை ஐந்து நிமிஷம் கொதிக்கவைத்தால், சுண்ணாம்புச் சத்து படிவாகத் திரளும்போது பிளாஸ்டிக் துகள்களையும் உள்ளே பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீரில் 90 சதவீதம் வரை குறைந்தது, மென்னீரில் 25 சதவீதம்தான். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும் அந்தப் படிவை எங்கள் வீட்டில் எத்தனையோ வருஷமாகத் திட்டிக்கொண்டே தேய்த்திருக்கிறோம்!

300 லிட்டரைக் கொதிக்கவைக்க எவ்வளவு கேஸ் ஆகும் என்று கணக்குப் போட்டேன். அடுப்பின் சூட்டில் பாதி வீணாகிறது என்று எடுத்துக்கொண்டாலும் நாலு கிலோவுக்குள் முடிகிறது. பெரிய சிலிண்டரில் ஐந்தில் ஒரு பங்கு. முதல் நாள் ராத்திரியே கொதிக்கவைத்து, தெளியவிட்டு, மேலாக மொண்டு துணியில் வடிகட்டி, குழாய் வைத்த எவர்சில்வர் டிரம்மில் நிரப்பிவிட்டால் காலைக்குள் ஆறிவிடும். மாஸ்டர் முதலில் முணுமுணுத்தார், பிறகு "சீரகத் தண்ணின்னு போர்டு வெச்சிடலாம், ஜனங்க விரும்பிக் குடிப்பாங்க" என்று அவரே சொன்னார். போதாமல் போனால் என்ற பயத்தில் ஐந்து கேன் மட்டும் கையிருப்பு. மணமேடைக்கு முன்னால் உட்காரும் சம்பந்திகளுக்கு மட்டுமாவது பாட்டில் என்று ஒரு பேச்சு வந்தது. செம்பில் கொடுத்தால் போதும் என்று அம்மா முடித்துவிட்டார்.

தாம்பூலப் பையில் நான் நினைத்ததற்கு நேர் எதிராக முடிந்தது. சீட்டில் இருந்தது துணி மாதிரித் தோன்றும் நான்-ஓவன் பை. தொட்டால் துணி, கொளுத்தினால் உருகிச் சொட்டும் பாலிப்ராப்பிலீன். இதுவும் தமிழ்நாட்டின் தடைப் பட்டியலில் இருந்த பொருள். இதை மட்டும் மறுபடி பரிசீலிக்கும்படி உச்ச நீதிமன்றம் அதே தீர்ப்பில் சொன்னது. ஒரு வருஷம் வெயிலில் கிடந்தால் கையில் எடுக்கும்போதே தூள் தூளாக உதிரும். அந்தத் தூள் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

உடனே மஞ்சப்பை என்று நான் எழுதிவிட்டேன். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று தொடங்கியது, கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரம்கூட வைத்தார்கள். பிறகுதான் டென்மார்க் சுற்றுச்சூழல் அமைப்பின் 2018 அறிக்கையைப் பார்த்தேன். பருத்தி விளைய நீரும் உரமும் அவ்வளவு தேவை என்பதால், காலநிலை ஒன்றை மட்டும் கணக்கில் எடுத்தாலே ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 52 தடவை பயன்படுத்தினால்தான் அது ஒரு சாதாரண பிளாஸ்டிக் பைக்குச் சமம் ஆகிறது. எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 தடவை. அந்தக் கணக்கில் குப்பை சிதறுவதன் கேடு சேரவில்லை. 2019-ல் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வெட்டி எடுத்தார்களே, அதற்கு அந்த அறிக்கையில் பத்தி கிடையாது. இருந்தாலும் 52 என்ற எண் உறுத்தியது. எங்கள் வீட்டு அலமாரியில் மடித்துவைத்த கல்யாணப் பைகளை எண்ணினேன். முப்பத்தொன்று. கடைக்குப் போகும்போது எடுப்பது அதில் இரண்டைத்தான்.

ஆகவே 350 பை என்பதை 120 ஆக்கினோம், குடும்பத்துக்கு ஒன்று. கைப்பிடி நீளமாக, அடி அகலமாக, காய்கறி வாங்கத் தோதாகத் தைக்கச் சொல்லியிருக்கிறது. "சஷ்டியப்த பூர்த்தி" என்று முன்பக்கம் முழுக்க அச்சடிக்காமல் உள்மடிப்பில் சின்னதாகப் போடச் சொன்னேன். பெயர் போட்ட பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போக இந்தக் காலத்துப் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். மற்றவர்களுக்கு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காயைக் கையில் கொடுத்தால் போதும். அப்பாவுக்குத்தான் இதில் கொஞ்சம் மனக்குறை.

பார்சலில் முதல் கேள்வியே தீர்ப்பு சொல்லிவிட்டது. கொதிக்கும் சாம்பார், நெய் மிதக்கும் பருப்பு, சில்வர் கவர். வெள்ளி மாதிரி மின்னுவது வெளிப்பூச்சு, உள்ளே உணவைத் தொடுவது பிளாஸ்டிக். பல அடுக்கு ஒட்டியது என்பதால் மறுசுழற்சிக்கும் ஆகாது. செய்தித்தாளில் மடிக்கலாம் என்றார் ஒருவர். அச்சு மை உணவில் இறங்கும், உணவுப் பாதுகாப்பு ஆணையமே வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது. கறுப்பு டப்பாவைக் "கழுவி வெச்சுக்கலாமே" என்பார்கள். எந்தப் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் கறுப்பாக்கினார்களோ தெரியாது, நான் சூடான பண்டத்துக்கு அதைத் தொடமாட்டேன். அழைப்பு கொடுக்கப் போகும்போதே நெருங்கிய சொந்தங்களிடம் "வரும்போது ஒரு தூக்கு கொண்டுவாங்க" என்று சொல்லிவிடுவதாக ஏற்பாடு. சோற்றுக்கும் கூட்டுக்கும் வாழையிலை, வாழைநார். தூக்கு கொண்டுவராதவர்களுக்குச் சாம்பார் கிடையாது, லட்டு உண்டு.

பால் சீட்டில் இல்லாத வரி. எண்பது லிட்டர் வேண்டும், அரை லிட்டர் பாக்கெட்டானால் 160 கவர். கேனில் பால் ஊற்ற ஒரு பால்காரர் ஒத்துக்கொண்டுவிட்டார். பாக்கெட் வாங்க நேர்ந்தாலும் ஒன்று கவனியுங்கள். மூலையைத் தனியாக வெட்டி எறியாதீர்கள், பாதி வெட்டி ஒட்டிக்கொண்டிருக்க விடுங்கள். பால் கவரைக் கழுவிக் காயவைத்தால் எடைக்குப் போடலாம். அந்த நகக்கண் அளவு முக்கோணத்தை யாராலும் பொறுக்க முடியாது, நேரே சாக்கடைக்குத்தான் போகும்.

சேரும் குப்பைக்கு மாநகராட்சியில் சொல்லிவைத்தாகிவிட்டது. நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்துக் குப்பையைப் பிரித்துத் தர வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதியிலேயே இருந்தது. மண்டபத்துக்கு உரிமம் இருந்தால் அது தேவையில்லை என்றார்கள், இருந்தாலும் சொன்னோம். இலை முழுக்கப் பக்கத்துக் கோசாலைக்கு.

மிச்சம் ஐஸ்கிரீம். கப் வேண்டாம் என்றால் கோன்தான். சித்தப்பாவுக்குச் சம்மதம். "ஆனா எழுபது வயசுக்கு மேல நாப்பது பேர் வர்றாங்கம்மா, பல்லு கிடையாது, கோனை வெச்சிக்கிட்டு என்ன செய்வாங்க?" என்கிறார். தொன்னையில் வைத்து, பாத்திரக் கடையில் நாற்பது சின்ன கரண்டி வாடகைக்குக் கிடைக்குமா என்று நாளைக்குத்தான் கேட்க வேண்டும்.